ஃபெரிட்டின் நார்மல், ஆனாலும் இரும்புச்சத்து குறைவா? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கிறேன். ரவுண்ட்ஸ் முடிந்து வராந்தாவுக்கு வந்தால் போதும், உசிலம்பட்டி, மேலூர், பரமக்குடி, போடி என்று எங்கிருந்தோ அம்மாவையோ ஐயாவையோ கூட்டி வந்த பிள்ளைகள் லேப் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சேர்த்தது நிமோனியாவுக்காக இருக்கும், சர்க்கரைப் புண்ணுக்காக இருக்கும், ஆனால் கேள்வி ரத்தம் குறைவாக இருப்பதைப் பற்றித்தான். ஹவுஸ் சர்ஜன்களும் இதே கேள்விகளை வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன், அதனால் சில பதில் நீளமாகப் போகும்.

அப்பத்தாவுக்கு ஹீமோகுளோபின் 7.8தான் இருக்கிறது. ஆனால் ஃபெரிட்டின் நார்மல் என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் இரும்புச்சத்து இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஃபெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கிற புரதம். வீட்டில் நெல் போட்டு வைக்கிற குதிர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு ரத்தத்தில் ஃபெரிட்டினை அளந்தால் குதிருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஓரளவு சரியாகத் தெரிந்துவிடும். ஆனால் உடம்பில் தொற்றோ, சீழோ, முடக்குவாதமோ, புற்றுநோயோ இருந்து அழற்சி உண்டானால் இரும்பு இருக்கிறதோ இல்லையோ ஃபெரிட்டின் தன்பாட்டுக்கு ஏறும். 15, 20 என்று வர வேண்டியவருக்கு 80, 90 என்று வரும். தாளின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் எல்லை பல லேபில் 10, 15 என்று தொடங்கி 300 பக்கம் போகிறது, அதற்குள் 84 அழகாக உட்கார்ந்துவிடும். அந்த எல்லை நோயில்லாதவர்களை வைத்துப் போட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜுரத்தோடு கிடக்கும் 74 வயது மனுஷிக்குப் போட்டது இல்லை.

84 என்ற எண் எனக்கு மறக்காது. சில வருஷத்துக்கு முன்னால் கால் புண் பழுத்து ஒரு அம்மா சேர்ந்திருந்தார். உள்ளங்கை வெளிறிப்போய், ரேகையெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஃபெரிட்டின் 84. நான் கேஸ் ஷீட்டில் ‘நாள்பட்ட நோயால் வந்த ரத்தசோகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழற்சி அதிகம் என்று காட்டும் சிஆர்பி 96 என்பது அடுத்த பக்கத்தில்தான் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை. புண் ஆறி வீட்டுக்குப் போனவர் இரண்டு மாதம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார், அப்போது தொற்று எதுவும் இல்லை, ஃபெரிட்டின் 11. கொலனோஸ்கோபியில் பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. குதிர் முதல் தடவையே காலியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு மாதம் வீணாகப் போனது என்னால்.

அழற்சி என்கிறீர்களே, அம்மாவுக்குக் கால் வீக்கம் இல்லையே?

அழற்சி வேறு, கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் வேறு. தொற்றையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு மொத்தமும் போடுகிற சண்டைக்குத்தான் அழற்சி என்று பெயர். சிஆர்பி, இஎஸ்ஆர் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டும். இஎஸ்ஆர் வயது ஏறினாலே கொஞ்சம் ஏறும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும். அதனால் நான் சிஆர்பியைத்தான் நம்புகிறேன்.

இரும்பு உள்ளே இருந்தும் உடம்பு அதை ஏன் எடுத்துக்கொள்வதில்லை?

கிருமிகளுக்கும் வளர்வதற்கு இரும்பு வேண்டும். அதனால் தொற்று வந்ததும் உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. சண்டையின்போது சுரக்கும் இன்டர்லூக்கின் 6 என்ற பொருள் கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். குடல் செல்லிலிருந்தும், பழைய சிவப்பணுக்களைத் தின்று இரும்பை மீட்கிற மேக்ரோஃபேஜ் செல்லிலிருந்தும் இரும்பு வெளியே வர ஃபெரோபோர்ட்டின் என்று ஒரே ஒரு வாசல்தான் உண்டு. ஹெப்சிடின் அந்த வாசலையே அழித்துவிடும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் பெரும்பகுதி பழைய அணுக்களை உடைத்து மீட்பதுதான், சாப்பாட்டிலிருந்து ஏறுவது வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம். வாசல் அடைபட்டால் இரண்டும் நின்றுபோகும். ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை இரும்பில்லாமல் தவிக்கும், குதிர் நிறைய இருந்தாலும்கூட.

ஆக வார்டில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். குதிரே காலியானவர், குதிர் நிறைந்து பூட்டிக் கிடப்பவர், அப்புறம் குதிரும் காலி, பூட்டும் தொங்குகிறது என்று இரண்டும் சேர்ந்தவர். முதல் இரண்டையும் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. கண்ணில் மண்ணைத் தூவுவது மூன்றாமவர்தான், வயதான நோயாளிகளில் இவர்கள் குறைவும் இல்லை.

அப்படியானால் ஃபெரிட்டின் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் கொடுத்த வழிகாட்டியில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15க்குக் கீழே என்றும், தொற்றோ அழற்சியோ இருக்கிறவர்களுக்கு 70க்குக் கீழே என்றும் இரண்டு கோடு போட்டிருக்கிறது. பல மருத்துவர்கள் அழற்சி இருந்தால் 100 வரைக்கும் சந்தேகப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். இதயம் பலவீனமானவர்களுக்குத் தனிக் கணக்கு: 100க்குக் கீழே இருந்தால் குறைவு, 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் குறைவு என்று வைத்துத்தான் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள்.

இந்த மாதிரி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஹவுஸ் சர்ஜன்கள் கேட்பதுண்டு. 1990ல் கனடாவில் கோர்டன் கயாட் குழுவினர் 65 வயதுக்கு மேற்பட்ட, ரத்தசோகை உள்ள 259 பேருக்கு எலும்பு மஜ்ஜையை எடுத்தே பார்த்தார்கள். 36 சதவீதம் பேருக்கு மஜ்ஜையில் இரும்பே இல்லை. எந்த ரத்தப் பரிசோதனை அதைச் சரியாகச் சொன்னது என்று ஒப்பிட்டதில் ஃபெரிட்டின்தான் முதலாவதாக வந்தது. 18க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட உறுதி, 100க்கு மேலே போனால் குறைவு இருப்பதற்கான வாய்ப்பு நன்றாகவே இறங்கிவிடுகிறது, ஆனால் 18க்கும் 45க்கும் நடுவில் இருப்பவர்களிலும் இரும்பு இல்லாதவர்களே கூடுதலாக அகப்பட்டார்கள். இந்த 18 – 45 ஆட்களைத்தான் நம் லேப் தாள் ‘நார்மல்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

எனவே ஃபெரிட்டினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குறைவாக வந்தால் அதை அப்படியே நம்பலாம், ஏனென்றால் அழற்சி அதை ஏற்றிவிடும், இறக்கிவிடாது. நார்மலாக வரும்போதுதான் பக்கத்தில் சிஆர்பி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்றால்?

இரும்பை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு போகிற பஸ் டிரான்ஸ்ஃபெரின். மொத்த சீட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதுதான் சாச்சுரேஷன். சீரம் அயர்னை (ரத்தத்தில் ஓடும் இரும்பு) டிஐபிசியால் (மொத்த சீட்டின் அளவு) வகுத்து நூறால் பெருக்கினால் வந்துவிடும். தாளில் போடாவிட்டால் செல்போன் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: அயர்ன் 22, டிஐபிசி 210 என்றால் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 20க்குக் கீழே போனால் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை.

ஆனால் பூட்டிக் கிடந்தாலும் சாச்சுரேஷன் இறங்கும், காலியாக இருந்தாலும் இறங்கும். அதனால் அது தனியாக முடிவு சொல்லாது. டிஐபிசி கொஞ்சம் துப்புக் கொடுக்கும். குதிர் மட்டும் காலி என்றால் உடம்பு பஸ்ஸைக் கூட்டி விடுவதால் டிஐபிசி ஏறும், அழற்சியில் இறங்கும். இரண்டும் சேர்ந்தவரிடம் ஒன்றை ஒன்று இழுத்து நடுவில் நிற்கும். சீரம் அயர்ன் மட்டும் எடுத்துவிட்டு முடிவு சொல்வது வீண் வேலை, அது ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மாறும், ஜுரம் வந்தவர் எல்லோருக்கும் குறையும்.

செல் சைஸ் எம்சிவி 88, நார்மல் என்கிறார்கள். இரும்பு குறைந்தால் செல் சிறியதாகத்தானே ஆகும்?

ஆகும், ஆனால் கடைசியில்தான் ஆகும். அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுபவர்கள், சுத்த சைவக்காரர்கள், இவர்களுக்கு பி12 சத்தும் குறைந்திருக்கலாம். பி12 குறைந்தால் செல் பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும், சராசரி எடுத்தால் 88. ஆர்டிடபிள்யூ கூடியிருக்கிறதா என்று பாருங்கள், பெரியதும் சிறியதும் கலந்து கிடப்பது அதில் தெரியும்.

சண்டை சச்சரவில்லாமல் ஒரே டெஸ்ட்டில் தெரிந்துகொள்ள வழி இல்லையா?

மஜ்ஜையை ஊசியால் எடுத்து நீலச் சாயம் போட்டு இரும்பைத் தேடுவதுதான் பழைய உரைகல். 80 வயதுக்காரரின் இடுப்பெலும்பில் இதற்காக மட்டும் ஊசி போடுவதற்கு எனக்கு மனசு வராது. சாலியுபிள் டிரான்ஸ்ஃபெரின் ரிசப்டர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அழற்சி அதை அவ்வளவாக அசைக்காது, அதை ஃபெரிட்டினின் லாகரிதத்தால் வகுத்தால் வரும் எண் 2க்கு மேலே போனால் இரும்பு நிஜமாகவே குறைவு, 1க்குக் கீழே என்றால் அழற்சி மட்டும். நல்ல பரிசோதனைதான், ஆனால் எல்லா லேபிலும் செய்வதில்லை, கருவிக்குக் கருவி அளவும் மாறும். புதிய செல் கவுண்டர் கருவிகள் சிலவற்றில் இளம் சிவப்பணுவில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று தனியாக வரும். 29 பிக்கோகிராம் பக்கத்துக்குக் கீழே இருந்தால் மஜ்ஜை இப்போது இரும்பில்லாமல் வேலை செய்கிறது என்று பொருள். உங்கள் லேபில் அது வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ரத்தம் எப்போது எடுக்க வேண்டும்?

ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, ஏற்றிய பிறகு எடுத்தால் யாருடைய இரும்பை அளக்கிறோம் என்றே தெரியாது. அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தால்கூட ரத்தப் பொருத்தம் பார்க்க, அதாவது கிராஸ்மேட்சுக்கு, எடுக்கும்போதே கூட ஒரு டியூப் எடுத்துவிடலாம், ஒரே குத்தில் முடிந்துவிடும். ஃபெரிட்டின், அயர்ன், டிஐபிசி, சிஆர்பி நான்கும் ஒரே நாளில் போக வேண்டும். பத்து நாள் முந்தைய சிஆர்பியை இன்றைய ஃபெரிட்டினோடு ஒப்பிட முடியாது. அப்புறம், இரும்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டு அயர்ன் எடுத்தால் அது கூடிப்போய்க் காட்டும், காலையில் மாத்திரைக்கு முன்னால் எடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் தொற்று அடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடியும் எடுங்கள். ஆனால் மலத்தில் ரத்தம் போகிறவரையோ ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்குகிறவரையோ அதுவரை காத்திருக்க வைக்கக் கூடாது.

வயசானால் ரத்தம் குறைவது இயல்புதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

இயல்பு இல்லை. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்ற கோடு 80 வயதிலும் அதேதான்.

இரும்பு குறைவுதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்தது மாத்திரைதானே?

அடுத்தது ‘எங்கே போனது?’ என்ற கேள்வி. மாதவிடாய் நின்று இருபது வருஷமான அம்மாவுக்கும், ஆம்பளைகளுக்கும், இரும்பு குறைந்தால் பெரும்பாலும் எங்கேயோ ரத்தம் கசிகிறது, அதிலும் வயிற்றிலோ குடலிலோதான் முதலில் தேட வேண்டும்.

மருந்துக்கடையிலிருந்து தொடங்குங்கள். திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயா, “நான் எந்த மாத்திரையும் சாப்பிடறதில்லைய்யா” என்று சாதித்தார். மகளிடம் அவர் மஞ்சப்பையைக் கொண்டுவரச் சொன்னேன். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, ஆதார் நகல், அதற்கடியில் நாலாய் மடித்த காகிதப் பொட்டலம். உள்ளே அட்டையில்லாத மாத்திரைகள், மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று, இப்படி ஏழெட்டு செட். முட்டி வலிக்குக் கடையில் கலந்து கொடுத்தது, மூன்று வருஷமாகத் தினமும். அவரைப் பொறுத்தவரை அது மாத்திரை இல்லை, ‘வலிக்குப் போடுறது’. வலி மாத்திரை இரைப்பையில் புண் உண்டாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை வெளியேற்றும், ஹார்ட் அட்டாக்குக்குப் பின் சாப்பிடும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசுவோம். ‘மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன், ‘முட்டி வலிக்கு என்ன போடுறீங்க’ என்றுதான் கேட்கிறேன்.

மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டால் பாதிப் பேர் வெட்கப்படுவார்கள், காட்டுப் பக்கம் போய் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வார்டில் இருக்கும்போது இரண்டு நாள் கவனித்துச் சொல்லுங்கள், தார் மாதிரி கருப்பாக, நாற்றமாக இருந்தால் உடனே. மூலம் இருக்கிறது, அதனால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மூலமும் குடல் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்க முடியாது என்று சட்டம் இல்லை. மேலே எண்டோஸ்கோபி, கீழே கொலனோஸ்கோபி, இரண்டையும் தாங்குகிற உடம்பா என்பதைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். படுத்த படுக்கையாக இருக்கிற 90 வயதுக்காரருக்கு எதையும் செய்யாமல் விடுவதும் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அது உட்கார்ந்து பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும், யாரும் யோசிக்காமல் விட்டதாக இருக்கக் கூடாது.

வயலில் வெறுங்காலோடு வேலை பார்த்தவர்களுக்குக் கொக்கிப்புழுவும் உண்டு, மலப் பரிசோதனை சின்னச் செலவுதான்.

ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கிறோம், முருங்கைக்கீரை தினமும் போகிறது. போதாதா?

சுவரொட்டியைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் சொல்வது சரிதான். ஆட்டு மண்ணீரலில் இரும்பு நிறைய இருக்கிறது, அதுவும் உடம்பில் எளிதில் ஏறுகிற வகை. ஈரலும் அப்படியே. கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றில் இருப்பது மெதுவாக, கொஞ்சமாக ஏறும். பீட்ரூட்டின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஒரு சங்கதி. அழற்சி இருக்கும்வரை குடலின் வாசல் அடைத்திருக்கிறது என்றேனே, சுவரொட்டி இரும்பும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வீடு திரும்பிய பிறகு கொடுங்கள், மனதாரக் கொடுங்கள், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கு மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

மாத்திரையா, ஊசியா?

அழற்சி லேசாக இருந்து, அவசரமும் இல்லை என்றால் மாத்திரை. தினமும் மூன்று வேளை என்ற பழைய பழக்கம் வயதானவர்களுக்கு வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும்தான் கொடுக்கிறது, ஒரு வேளை மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி அடுத்த வேளையைத் தடுக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள். மலம் கருக்கும், அது மாத்திரையால், பயப்பட வேண்டாம். அதே சமயம் நிஜமான கசிவை இது மறைக்கும் என்பதால் மாத்திரைக்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிஆர்பி உயரத்தில் நின்றால், இதயம் பலவீனமாக இருந்தால், மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், டிரிப்ஸில் ஏற்றும் இரும்பு உண்டு. குடல் வாசலைச் சுற்றிக்கொண்டு நேரே ரத்தத்தில் போகும். காய்ச்சலும் கிருமியும் ரத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போது போடுவதில்லை, கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் தொற்று அடங்கட்டும் என்று காத்திருப்போம். அபூர்வமாக ஒவ்வாமை வரும், எனவே ஆஸ்பத்திரியில் வைத்து மட்டுமே.

சில நேரம் எல்லாப் பரிசோதனையும் நடுவிலேயே நிற்கும், அப்போது இரும்பு கொடுத்துப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமுக்கு மேல் ஏறினால் விடை கிடைத்துவிட்டது. மாத்திரையில் ஏறவில்லை என்றால் மட்டும் ‘இரும்பு குறைவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள், வாசல் அடைத்திருந்தாலும் ஏறாது.

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

பொதுவாக 7க்குக் கீழே போனால், இதயநோய் உள்ளவருக்கு 8க்குக் கீழே போனால் யோசிப்போம், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் முன்னாலேயே. வயதான இதயம் வேகமாக ஏற்றுகிற ரத்தத்தைத் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துவிடும், ஆகவே ஒவ்வொரு பாட்டிலாக, மெதுவாக. ஏற்றியபின் முகம் தெளிந்துவிடும், கசிவு அப்படியே இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்டு வாங்குவது?

ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த தாள், அதன் தேதியோடு. ஃபெரிட்டினும் சிஆர்பியும் ஒரே தாளில் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வாங்குங்கள். ரத்தசோகைக்குக் காரணம் என்ன என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே நின்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் மறுபடி எந்தத் தேதியில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று நாளைக் குறித்து வாங்கிக்கொண்டு, வீட்டுக் காலண்டரில் அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் கண்ணில் படுகிற மாதிரி பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.